காலி வட்டம்

1982-இல் எஸ்.ஆர்.பி. தேர்வில் நான் செய்த தவற்றை உங்கள் பிள்ளைகள் செய்ய வேண்டாம். தெரியாத ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தேன், மணி அடித்துவிட்டது. கடைசிப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தேறவில்லை. படிப்பும் அதோடு நின்றது.

பால்மரம் வெட்டும் அம்மா அன்று கேட்டார்: "பால் வராத மரத்தடியிலேயே நின்னா நிரை எப்பய்யா முடியும்?"

இன்று எஸ்.பி.எம். வரலாறு முதல் தாளில் 40 கேள்விகள், ஒரு மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான். 2013 முதல் வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: தெரிந்ததை முதலில் செய். தெரியாததைக் குறித்துவைத்துத் தாண்டிப் போ. விடைத்தாளிலும் அந்த வரிசையை மறக்காமல் தாண்டு. தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. கண்ணை மூடிக் கறுப்பாக்கினாலும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நிச்சயம் தவறென்று தெரிந்த இரண்டை அடித்துவிட்டால் இரண்டில் ஒன்று. காலி வட்டத்துக்கோ ஒன்றுமே இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தை அவற்றுக்கென்று வைத்துக்கொள்.

ஊகம் படிப்புக்கு ஈடாகாது. ஆனாலும் படித்த பிள்ளை நேரம் போதாமல் தோற்கலாமா?