ஐந்து வகுப்பு, ஒரு தொப்பை!

சென்னையை காலை ஐந்தரை மணிக்குப் பார்த்திருக்கிறீர்களா? (நைட் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் இந்தப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது!) அந்த நேரத்தில் தெருவில் இரண்டே ரகம்தான். பால் பாக்கெட் போடுகிறவர்கள், தொப்பையைக் கரைக்க ஓடுகிறவர்கள். முதல் ரகத்துக்குத் தொப்பை கிடையாது என்பதை யாராவது கவனித்தீர்களா?

நான் இரண்டாவது ரகத்தில் சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல. வயது 36. படித்தது பி.காம். பிழைப்பு, பத்திரிகைகளுக்கு எழுதுவது. அதாவது தினம் பத்து மணி நேரம் நாற்காலியும் நானும் பிரியாத நண்பர்கள். இந்த நட்பின் பலன், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மூன்று மாத சராசரி சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.1. இது 5.7-க்குக் கீழே இருந்தால் பாஸ். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி.

"அப்ப எனக்கு வந்துடுச்சா டாக்டர்?"

"வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது. உள்ளே கூப்பிடறதும், அப்படியே திருப்பி அனுப்பறதும் உங்க கையிலதான். ஆறு மாசம் டைம்!"

எங்கள் அப்பாவுக்கு 42 வயதில் வந்தது. 58 வயதில் இடது கால் விரல்கள் இரண்டை எடுத்தார்கள். அன்று முதல் கோயிலுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். யாரும் காலைப் பார்க்கக்கூடாது அவருக்கு. ஆகவே 6.1 என்பது எனக்கு வெறும் நம்பர் இல்லை.

இதில் நான் தனி ஆளும் இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். என்னைப்போல வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி! ஆனால் நல்ல செய்தியும் இருக்கிறது. அதுவும் நம்ம ஊர்ச் செய்தி. சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, இப்படி வாசலில் நிற்கிறவர்களை மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை வியாதி வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். அந்த 16 பேரில் ஒருத்தனாக நான் இருக்கக்கூடாதா?

'ஜிம்மில் சேர்ந்துவிடு' என்றார்கள். என் மச்சான் ஒருத்தர் வருஷ சந்தா 15,000 ரூபாய் கட்டினார். போனது மொத்தம் பதினோரு நாள். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 1,363 ரூபாய்! அந்தக் காசுக்கு தினம் ஒருத்தர் வந்து அவருக்குப் பதிலாக எக்ஸர்ஸைஸ் செய்துவிட்டுப் போயிருப்பார். தனியாகச் செய்கிற எதையும் நாலாம் நாள் மனசு தள்ளிப்போடும். கும்பலோடு செய்தால்? மாசம் ஒன்று வீதம் ஐந்து இடங்களில் சேர்ந்து பார்ப்பது என்று புறப்பட்டேன்.

லஸ்: சிரிப்பு

முதல் மாதம், லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் தைலத்தை உலகுக்குத் தந்த காசிநாதுனி நாகேஸ்வரராவ் பெயரில் அமைந்த பூங்கா. உடம்பு வலிக்க வலிக்க எக்ஸர்ஸைஸ் செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

அங்கே ஒரு மரத்தடியில் இருபது பெரியவர்கள் வட்டமாக நின்று 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா' என்று கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த சிரிப்பு கிளப்பை ஆரம்பித்தவர் மும்பை டாக்டர் மதன் கட்டாரியா. 1995 மார்ச் 13-ம் தேதி ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு தொடங்கினார். முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாட்களிலேயே நல்ல ஜோக்குகள் தீர்ந்துபோக, ஜோக்கே இல்லாமல் சிரிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். நகைச்சுவை எழுதிச் சம்பாதிக்கிற என் பிழைப்பில் இதைவிட மண் போட முடியுமா!

வட்டத்திலேயே நான்தான் பொடியன். எல்லோரும் 'தம்பி, தம்பி' என்று தாங்கினார்கள். மூன்றாவது வாரம் ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, இதுல உடம்பு குறையுமா?"

"அதெல்லாம் தெரியாது தம்பி. என் வீட்டுக்காரி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. காலைல நான் பேசற முதல் வார்த்தையே இங்கே வந்துதான்."

கட்டணம் பைசா கிடையாது. அந்தப் பெரியவருக்கு அதுதான் மருந்து. என் சர்க்கரைக்கு இன்னும் கொஞ்சம் வேர்வை வேண்டியிருந்தது.

வேளச்சேரி: ஆட்டம்

இரண்டாவது மாதம் ஜூம்பா. மாடி ஹால், சுவரெல்லாம் கண்ணாடி. முப்பது பெண்கள், பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் மூன்று ஆண்கள். நான் நாலாவது.

ஜூம்பா பிறந்த கதை ருசியானது. கொலம்பியா நாட்டு காலி நகரத்தில் பெட்டோ பெரெஸ் என்கிற ஏரோபிக்ஸ் வாத்தியார், 1990-களில் ஒருநாள் பாட்டு கேசட்டை மறந்துவிட்டு வகுப்புக்கு வந்துவிட்டார். பையில் இருந்த சல்சா, மெரெங்கே கேசட்டைப் போட்டு சமாளித்தார். கும்பல் சொக்கிப்போனது. வேளச்சேரியில் மெரெங்கே இரண்டு பாட்டுதான். மூன்றாவதிலிருந்து சுத்தமான குத்து!

"ஸார், இடுப்பு! இடுப்பை ஆட்டுங்க!" என்று மாஸ்டர் கத்தினார். இருந்தால் ஆட்டமாட்டேனா? எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது நிமிஷம் போனதே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் நான் வேர்த்தது வாழ்க்கையிலேயே முதல் தடவை. தடை எங்கே வந்தது? வகுப்பு மாலை ஏழு மணிக்கு. மயிலாப்பூரிலிருந்து புறப்பட்டு கிண்டியில் மாட்டினால், போய்ச் சேரும்போது எல்லோரும் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு வகுப்பில் ஐந்தை டிராஃபிக் சாப்பிட்டது.

துரைப்பாக்கம்: தண்டனை

மூன்றாவது மாதம் க்ராஸ்ஃபிட் பாணி வகுப்பு. ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே லாரி டயர், கயிறு, இரும்புக் குண்டு. பார்த்தால் மெக்கானிக் ஷெட். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வந்து, அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டயரைப் புரட்டுகிறார்கள் ஐ.டி. பையன்கள். (ஆபீஸில் மேனேஜரைப் புரட்ட முடியாத ஏக்கம் என்று எனக்குத் தோன்றியது.)

இங்கே 'பர்ப்பி' என்று ஒரு ஐட்டம். நின்று, குந்தி, கையை ஊன்றி, காலைப் பின்னால் உதைத்து, மறுபடி எழுவது. ராயல் பர்ப்பி என்ற அமெரிக்க உடலியல் நிபுணர், ஒருத்தருடைய உடல் தகுதியை அளக்க வைத்த சோதனை இது. அவர் செய்யச் சொன்னது நாலே நாலு தடவை. இங்கே நாற்பது! நாலாம் வகுப்பில் என் வலது முழங்கால் 'என்னை விட்டுடு' என்றது. சேரும்போது ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அதில் முட்டி பற்றியோ, சர்க்கரை பற்றியோ ஒரு கேள்வி இல்லை. பணம் எப்படிக் கட்டுவீர்கள் என்பது மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. 22 வயசுப் பையன்களுக்கு அது சொர்க்கம். நான் அட்டையை... ஸாரி, துண்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மந்தைவெளி: அமைதி

நாலாவது மாதம், ஒரு மொட்டை மாடியில் யோகா. மயிலாப்பூர் வட்டாரத்தில் யோகா கற்பது திருவையாற்றில் சங்கீதம் கற்பதுபோல. பி.கே.எஸ்.ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகியோருக்கு குருவான டி.கிருஷ்ணமாச்சார்யா கடைசிக்காலம்வரை வாழ்ந்தது சென்னையில்தான். 1989-ல் மறைந்தபோது அவருக்கு வயது 100. ஆளுக்குத் தகுந்தாற்போல யோகாவை மாற்ற வேண்டும் என்பது அவர் வழி. மாடியில் நாங்கள் முப்பது பேர், ஒரே ஆசனம், ஒரே கணக்கு. இருந்தாலும் டீச்சரம்மா என் முட்டியைக் கேட்டறிந்து, சிலதைச் செய்யவேண்டாம் என்று தனியாகச் சொன்னார். அதற்காகவே ஒரு கும்பிடு.

எனக்குப் பிரமாதமாக வந்தது சவாசனம். மற்றவர்கள் எழுந்து பாயைச் சுருட்டியபிறகும் எனக்கு வந்துகொண்டே இருந்தது! குறட்டை பக்கத்து மாடிவரை கேட்டதாகச் சொன்னார்கள். ராத்திரித் தூக்கம் ஒழுங்கானது, முதுகுவலி குறைந்தது. ஆனால் டாக்டர் கேட்டது மூச்சு வாங்குகிற வேலை. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மிதம் என்றால்? பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. (என் வீட்டில் நான் எப்போதுமே பாடக்கூடாது என்பது வேறு விஷயம்.)

மெரினா: கம்பு

ஐந்தாவது மாதம் மெரினா. உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் மணலில் சிலம்ப வகுப்பு. 1959-ல் இந்தச் சிலையை நிறுவியபோது, அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி உழைப்பைத்தான் நினைத்திருப்பார். எனக்கென்னவோ அந்த நாலு பேரையும் பார்த்தால் இந்த ஊரின் பழைய க்ரூப் எக்ஸர்ஸைஸ் வகுப்பு என்றே தோன்றுகிறது. தனி ஆளாக அந்தப் பாறையை அசைக்க முடியுமா?

இருபத்தைந்து மாணவர்கள். பாதிப்பேர் ஸ்கூல் பிள்ளைகள். கூடவே ஒரு ஆட்டோ டிரைவர், இரண்டு பாங்க் ஊழியர்கள், ஒரு அம்மாவும் மகளும். சிலம்பம் என்றால் எம்.ஜி.ஆர். மாதிரி முதல் நாளே கம்பு சுற்றலாம் என்று நினைத்தேன். ஆசான் சிரித்தார்.

"கம்பு கையில இல்ல தம்பி, கால்ல இருக்கு."

மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, இரண்டு வாரம் வெறும் காலடி. முன்னே, பின்னே, திரும்பு, குந்து. மணலில் கால் புதையப் புதைய கெண்டைக்கால் கதறியது. மூன்றாவது வாரம் கம்பு வந்தது. நெற்றி உயரம். சுற்றும்போது மனசு வேறெங்கும் போகமுடியாது. போனால் கம்பு மண்டையில் வந்து ஞாபகப்படுத்தும்!

ஒரு வெள்ளிக்கிழமை கட்டுரை முடிக்கவேண்டிய அவசரத்தில் நான் போகவில்லை. ஆறு மணிக்கு போன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன், அவன் அப்பாவின் போனிலிருந்து:

"அண்ணா, எனக்கு ஜோடி இல்ல. ஏன் வரல?"

ஐந்து மாதத்தில், ஐந்து இடத்தில், 'ஏன் வரலை' என்று என்னைக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். மறுநாள் போனேன். லீவு போட்டதற்கு அபராதம், இருபது தோப்புக்கரணம். அவனே எண்ணினான். பதினெட்டை இரண்டு தடவை எண்ணினான், படவா!

இப்போது வரவு செலவு. ஒரு வகுப்புக்கு ஆன செலவு, துரைப்பாக்கத்தில் 1,250 ரூபாய் (கட்டியது 5,000, போனது 4). வேளச்சேரியில் 285. மந்தைவெளியில் 187. மெரினாவில் மாதம் 500, போனது பதினோரு நாள், ஆக 45 ரூபாய் சொச்சம். கட்டணம் குறைவு என்பதால் மட்டுமில்லை, நாள் தவறாமல் போனதால்தான் இந்தக் கணக்கு.

ஆறாவது மாதமும் மெரினாவிலேயே நின்றுவிட்டேன். அது முடிந்து டெஸ்ட். 5.8. பாஸ் மார்க்குக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. டீயில் சர்க்கரையையும் ராத்திரி பரோட்டாவையும் நிறுத்தியதால் கம்புக்கு மட்டும் கிரெடிட் எழுதமுடியாது. ரிப்போர்ட்டை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பிவிட்டது அவர்தான்.

ஆபீஸ் நண்பர்களே, நீங்களும் தேடப்போகிறீர்களா? நாலு விஷயம் பாருங்கள். வீட்டிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ பதினைந்து நிமிஷத்துக்குள் இருக்கிறதா? வருஷ சந்தா கேட்காமல் ஒருவாரம் பார்க்க விடுகிறார்களா? சொல்லித்தருகிறவர் உங்கள் முட்டி, முதுகு, மாத்திரை பற்றி விசாரிக்கிறாரா? நீங்கள் வராவிட்டால் கேட்க அங்கே ஒரு ஆள் இருக்கிறதா? நாலாவதற்கு 'ஆமாம்' என்றால் சிரிப்போ, ஜூம்பாவோ, டயரோ, சேர்ந்துவிடுங்கள்.

ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் வாருங்கள். கம்பு ஒன்று கூடுதலாகவே இருக்கிறது. பதினெட்டை மட்டும் நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்!