கைப்பும் ஒரு காவல்

அறுசுவைகளை எண்ணும்போது கைப்பைக் கடைசியில் வைப்பதே பலருக்கும் வழக்கம். இனிப்புக்கு விருந்து உண்டு. புளிப்புக்கும் உறைப்புக்கும் யாழ்ப்பாணத்துச் சமையலறையிலே தனி ஆட்சியே உண்டு. கைப்போ நோயோடும் மருந்தோடும் சேர்த்து நினைக்கப்படுவது. ஆயினும் வேப்பம்பூ வடகமும் பாகற்காய்க் கறியும் நம் இலைகளை விட்டு நீங்கவில்லை. சிறு வயதில் அவற்றை ஓரத்தில் ஒதுக்கிய பிள்ளையே நாற்பது வயதில் கேட்டு வாங்கி உண்ணக் காண்கிறோம். இதற்குக் காரணம் உண்டு. தாவர நஞ்சுகளுட் பல கைப்பன. கைப்பை உணர்வதற்கென்றே மனிதரிடம் ஏறக்குறைய 25 வகைச் சுவை உணர்விகள் அமைந்துள்ளன. குழந்தை கைப்பை மறுப்பது அடம் அன்று; இயற்கை இட்ட காவல். கைப்பன யாவும் நஞ்சல்ல என்று அறிந்துகொள்வது வயதின் வேலை.

இவ்வளவும் சொன்னது ஒரு பானத்தைப் பற்றிப் பேசுதற்பொருட்டே. அது ஹொப் என்னும் பூவின் கைப்பு மிகுந்த பியர். பிள்ளைகளும் வாசிக்கும் பக்கத்தில் இதனை எழுதலாமா என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். நம் வீடுகளில் குடியைப் பற்றிப் பேசாதிருந்தமையால் குடி குறைந்ததாக நாம் கண்டதில்லை. இரகசியமாகக் கற்கும் எதனையும் பிள்ளைகள் அரைகுறையாகவே கற்கின்றனர். ஆதலின் அறிந்ததை வெளிப்படையாகச் சொல்லுதல் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்காகாது என்று கருதுகிறோம்.

பியருக்கு வேண்டுவன நான்கு: நீர், முளைகட்டிய பார்லி, மதுவம், ஹொப். பார்லி இனிப்பைத் தருகிறது. மதுவம் அவ்வினிப்பை உண்டு மதுசாரமாக்குகிறது. உண்டது போக எஞ்சும் இனிப்புக்கு எதிர்நிறையாக நிற்பதே ஹொப். குளிர்நாடுகளிற் கம்பங்களிலும் கயிறுகளிலும் உயரப் படரும் கொடி இது. பெண்கொடியின் பூ கூம்பு வடிவானது. அதன் இதழ்களின் அடியிலே மஞ்சட்பொடி போன்ற பிசின் ஒளிந்திருக்கும். கொதிக்கும் பார்லிச் சாற்றில் அப்பூவை இட்டு நெடுநேரம் காய்ச்சினாற் கைப்பு இறங்கும். இறக்குந் தறுவாயில் இட்டால் வாசனை தங்கும். அக்கைப்பே பல நுண்ணுயிர்களை வளரவிடாது தடுத்துப் பானம் புளித்துக் கெடாமற் காக்கும். 12ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் வாழ்ந்த துறவி ஹில்டகார்ட் அம்மையார் ஹொப்பின் இக்குணத்தை எழுதி வைத்துள்ளார். 1516இல் பவேரியாவிற் பிறந்த சட்டமொன்று, பார்லி, ஹொப், நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதனையும் பியரிற் சேர்க்கலாகாது என்றது.

நம் ஊரிலே பனையின் முட்டியிற் சுண்ணாம்பு தடவுவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு, கருப்பநீர் கள்ளாக மாறாமற் காக்கிறது. ஹொப், பியரான பின்னர் அது கெடாமற் காக்கிறது. ஒன்று வாசலில் நிற்கும் காவல்; மற்றையது வீட்டினுள்ளே நிற்கும் காவல்.

கைப்பு மிகுந்த பியர்களுட் பெயர்பெற்றது 'இந்தியா பேல் ஏல்'. பெயரில் இந்தியா இருப்பினும் பிறந்தகம் இங்கிலாந்து. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியா வந்துசேர மாதக்கணக்கிற் சென்ற காலத்திலே, கிழக்கு இலண்டனில் ஹொட்சன் என்பார் நடத்திய சாலையிலிருந்து வெளிறிய நிறப் பியர் இங்கு வந்தது. 1820களிலே பேர்ட்டன் நகரத்து அல்சொப், பாஸ் என்னும் நிறுவனங்கள் அவ்வணிகத்திற் புகுந்து முன்னேறின. அவ்வூர்க் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அது ஹொப்பின் கைப்பைத் தெளிவாக எடுத்துக் காட்டும். நீண்ட கடற்பயணத்திற் கெடாதிருக்கவென்றே ஒருவர் இதனைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்ற கதையை வரலாற்றாசிரியர் பலர் இன்று ஏற்பதில்லை. கரிய போர்ட்டர் பியரும் அவ்வழியே கெடாமல் வந்தது. வெப்பநாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹொப் மிகுதியாக வேண்டும் என்ற அறிவும் 1760களிலேயே இருந்தது.

பின்னர் பெருந்தொழிற்சாலைகளின் காலத்திலே, எவர் நாவையும் உறுத்தாத வண்ணம் பியரின் கைப்பு குறைந்துகொண்டே போயிற்று. அதனை மீட்டவர்கள் சிறு அளவிற் காய்ச்சிய அமெரிக்கர். 1965இல் பிரிட்ஸ் மேய்ட்டாக், சான்பிரான்சிஸ்கோவில் மூடப்படவிருந்த பழைய சாலையொன்றை வாங்கி நடத்தினார். 1972இல் 'கஸ்கேட்' என்னும் புதிய ஹொப் இனம் அங்கு வெளிவந்தது. 1980இலே கலிபோர்னியாவின் சிகோ நகரிற் கென் குரோஸ்மனும் அவர் நண்பரும் தொடங்கிய சாலை அவ்வினத்தின் வாசனையை நாடெங்கும் பரப்பியது. கைவினைப் பியர் என்று இன்று கூறப்படுவது இவ்வாறு வளர்ந்ததே.

2007இல் மேற்படிப்பின்பொருட்டு இங்கிலாந்தில் ஓராண்டு தங்கியபோது இச்சுவை எமக்கு அறிமுகமாயிற்று. அங்கே ஒருவகைப் பியருக்குப் பெயரே 'பிற்றர்', அதாவது கைப்பு. சனிக்கிழமை மாலையில் ஒரு கிண்ணம். அதற்குமேற் செல்லப் பணமும் இருந்ததில்லை. நாடு திரும்பிய பின்னரும் எப்போதாவது ஒன்று என்ற அளவில் அப்பழக்கம் நின்றது.

2013இல் எமது வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். கணிதத்திற் கூர்மையான பிள்ளை. ஆயினும் காலைப் பாடத்தில் உறங்கிவிடுவான். இரவுதோறும் தவறணைக்குச் சென்று தகப்பனாரைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது அவன் பொறுப்பு என்பது விசாரித்தபோதே தெரிந்தது. தகப்பனாரைக் கண்டு பேசினோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருந்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "வாத்தியார் தொடுறதில்லையோ?"

எப்போதாவது ஒன்று என்று உண்மையைச் சொன்னோம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு அரும்பிற்று. அவர் விடுவாராயின் நாமும் விடுவதாக அவ்விடத்திலேயே சொல்லிவிட்டோம். அவர் இரண்டு முறை விட்டார். இரண்டு முறையும் திரும்பினார். மூன்றாம் முறை விட்டது நிலைத்தது. 2023இல் ஈரல் நோயால் அவர் காலமானபோது, கடைசி ஐந்து ஆண்டுகளில் ஒரு பிளாக் கள்ளும் தொட்டிருக்கவில்லை. செத்தவீட்டிலே மகன் எம்மருகில் வந்து நின்று, "சேர், அப்பாவுக்குக் குடுத்த சொல்லை நீங்கள் காப்பாத்திப்போட்டியள். இனி அது உங்களைக் கட்டாது" என்றான்.

2024இல் இலண்டனிலுள்ள தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தோம். ஒரு மாலை அவன் எம்மைக் கடைக்கு அழைத்துச் சென்று, "அண்ணை, எது எடுக்கிறியள்?" என்று கேட்டான். சுவர் முழுவதும் வண்ணவண்ணத் தகரப் பேணிகள். பதினொரு ஆண்டுகளில் அச்சுவை உலகம் மாறிப்போயிருந்தது. மாம்பழம் சேர்த்தவை, பழச்சாறு போலக் கலங்கி இனிப்பவை, பாயசம் போன்றவை எனப் பலவும் இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தோம்: 440 மில்லிலீற்றர், மதுசாரம் நூற்றுக்கு 8. கணக்கிட்டால் 35 மில்லிலீற்றருக்குச் சற்று மேற்பட்ட தனி மதுசாரம். அதனருகே கைப்பு வகை ஒன்று: 330 மில்லிலீற்றர், நூற்றுக்கு நாலரை. அதில் உள்ளது 15 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு. முதலாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சாறு போலிருப்பதால் அதுவே விரைவில் உள்ளே செல்லும். பிரித்தானியாவில் ஒருவருக்கு வாரத்துக்கு 14 அலகு, அதாவது 140 மில்லிலீற்றர் தனி மதுசாரம், என்பதே 2016 முதல் மருத்துவர் கூறும் மேலெல்லை.

கைப்பு வகையையே எடுத்தோம். அடைத்த தேதியையும் பார்த்துக்கொண்டோம். ஹொப்பின் வாசனை நாளாக நாளாகக் கெடுவது. வெளிச்சம் பட்டால் நாற்றமடிப்பது. ஆதலாற் போத்தலாயின் கபில நிறமும், அடைத்துச் சில வாரங்களே ஆனமையும் நன்று.

வீட்டில் அதனைக் கிண்ணத்தில் வார்த்து முதன்மிடறு விழுங்கியபோது நாவு திடுக்கிட்டது. முதலிற் பம்பளிமாசுத் தோலின் வாசனை. பிறகு நாவின் அடியிலே பாகற்காய் போல் நின்று போகாத கைப்பு. அடுத்த மிடற்றுக்குக் கை தானாகச் செல்லவில்லை, யோசித்தே சென்றது. ஒரு கிண்ணம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரமாயிற்று. தம்பி இரண்டாவதைத் திறக்க முற்பட்டபோது, போதும் என்றோம். சிரமப்பட்டுச் சொன்ன சொல்லன்று அது.

இதனாற் கைப்பு குடிகாரரைத் திருத்தும் மருந்து என்று எவரும் கொள்ளவேண்டாம். கைப்பிலும் எட்டு வீதம் மதுசாரம் உள்ளவை உண்டு. அதனையும் கணக்கின்றிக் குடிப்பவர் உண்டு. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவென்று மதுசாரத்துக்கு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்திருக்கிறது. நம் நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம் என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஊர் திரும்பியபின் அம்மாணவனைக் கண்டோம். அவன் இப்போது கணக்காளனாகத் தொழில் செய்கிறான், மது தொடுவதில்லை. நடந்ததை மறைக்காமற் சொன்னோம். "எப்பிடி இருந்தது, சேர்?" என்றான். கைத்தது என்றோம். "பிறகு ஏன் அதை எடுத்தனீங்கள்?"

எண்ணிப் பார்த்துச் சொன்ன மறுமொழி இது. இனிப்பது, தன்னை இன்னதென்று சொல்லாமல் உள்ளே வருகிறது. கைப்பதோ, தான் எதுவென்று ஒவ்வொரு மிடற்றிலும் சொல்லுகிறது. அவன் தகப்பனார் பன்னெடுங்காலம் கேட்கமுடியாதிருந்ததும், கடைசி ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்ததும் அந்தச் சொல்லையே. பதினொரு ஆண்டுகள் விட்டிருந்ததனால் எமக்குக் கிடைத்த பேறு, அது இல்லாமல் இருக்கலாம் என்ற அறிவு. அவ்வறிவு இருக்கும் வரையிலேதான் எடுப்பதையும் தெரிவு என்று சொல்லலாம். அது போய்விட்டால், முன்னே எத்தனை வகைப் பேணிகள் அடுக்கியிருந்தாலும் அங்கே தெரிவென்று எதுவும் இல்லை.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்பாவும் கடைசியிலை பாகற்காயைத்தான் விரும்பிச் சாப்பிட்டவர்" என்றான்.