அளந்து போடும் கை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் மொழி. மும்பையில் ஒரு பெரிய வங்கியின் மென்பொருட் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றும் எனக்கு, இதனினும் பொருத்தமான தொழில் இலக்கணம் கிட்டியதில்லை.

நம் நாட்டு வங்கிகளில் கணிப்பொறி எளிதில் நுழைந்துவிடவில்லை. 1984-ஆம் ஆண்டில் ரங்கராஜன் குழு அதற்கு வழிவகுத்து அறிக்கை அளித்த காலத்தில், வேலை பறிபோகுமோ என்று ஊழியர் சங்கங்கள் அஞ்சின. நான் பணியில் சேர்ந்தபோது, பேரேடுகளோடு வாழ்ந்த மூத்த எழுத்தர் சிலர் இன்னும் இருந்தனர். பற்றும் வரவும் ஒரு பைசா ஒவ்வாவிடினும் அந்நாளில் வீடு திரும்பமாட்டோம் என்பர். பைசாவின் அருமையை அவர்களிடமே கற்றேன்.

கணிப்பொறிக்கும் அப்பாடம் வேண்டியதே. 10 பைசாவை 0.1 ரூபாய் என்று எழுதினால், இரும எண்முறையில் அது துல்லியமாக அமையாது. ஒன்றை மூன்றால் வகுத்தாற்போல முடிவின்றி நீளும். ஆகவே பணத்தைப் பைசாக்களின் முழு எண்ணாகவோ, பதின்ம எண்முறையிலோ வைப்பதே முறை.

புதிய பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் அமர்வதுண்டு. புதிர்க் கணக்குகளை விரைந்து விடுவிப்பதே திறமை என்னும் எண்ணம் நேர்காணல்களில் வேரூன்றிவிட்டது. நான் கேட்பது வேறு: “ஒருவர் கணக்கில் 5,000 ரூபாய் கழிந்தது, மற்றவர் கணக்கில் சேருமுன் இயந்திரம் நின்றது. என்ன செய்வீர்?”

சில ஆண்டுகளுக்கு முன், மராத்வாடாச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். புதிரில் தடுமாறினார், ஆங்கிலமும் தடைப்பட்டது. உடனிருந்தோர் அவரை விலக்க எண்ணினர். என் வினாவை இந்தியில் கேட்டேன். சற்றே சிந்தித்துச் சொன்னார்: “இரு பதிவும் நிலைக்க வேண்டும், அன்றேல் இரண்டும் நிலைக்கலாகாது. செய்யப்போவதை முன்பே குறித்து வைத்திருந்தால், இயந்திரம் எழுந்ததும் அதைப் பார்த்துச் சரிசெய்யலாம்.” பிறகு, கேளாமலே தொடர்ந்தார்: “பணம் அனுப்பியவர் பதறி மீண்டும் பொத்தானை அழுத்துவாரே! இரண்டு வேண்டுகோளுக்கும் ஒரே அடையாள எண் இருந்தாலன்றோ தொகை இருமுறை கழியாது?”

அவர் சென்றபின் நெடுநேரம் வாதிட்டோம். புதிர் விடுவிக்கும் வேகத்தைச் சில திங்களில் பழக்கிவிடலாம். முகமறியாத ஒருவரின் பதற்றத்தை முன்னுணரும் இயல்பைப் பழக்குதல் அரிது என்றேன். ஈற்றில் அவர் தேர்வு பெற்றார்.

இவ்வியல்பு இன்று மிகுதியும் வேண்டப்படுகிறது. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் இரவு பகலாக இயங்குகின்றன. மாலையில் கதவடைத்து ஆற அமரக் கணக்கு நேர் பார்த்த காலம் மலையேறிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்கு ஒத்திருக்க வேண்டும். நள்ளிரவில் மருத்துவமனை வாயிலில் பணம் கட்ட நிற்பவருக்கு, அனுப்பிய தொகை எங்கே நிற்கிறது என்று தெரியாத ஒரு நிமிடமும் ஒரு யுகமே.

பேரேட்டில் கூட்டல் போட்ட எழுத்தரின் பொறுப்பு, நிரல் எழுதுவோரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வங்கிக்கு ஆள் எடுப்போர் அறிவின் வேகத்தை அளக்கட்டும். அதற்கு முன், அளந்து போடும் கை அவருக்கு உண்டா என்று பார்க்கட்டும்.