காயில் கட்டுகிறவர்களின் கணக்கு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையோரம் அந்தத் தகரக் கொட்டகை. உள்ளே காலை வைத்ததுமே வார்னிஷ் வாசனை ஏறுகிறது. நான் போன நேரத்தில் மலையடிவாரத் தோப்பு ஒன்றிலிருந்து 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "நேத்து ராத்திரி புகைஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றார் கொண்டுவந்த விவசாயி.

மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார் காயில் கட்டுகிறவர். மூன்று பேஸும் ஒரே மாதிரி கருகியிருந்தன. ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் வராமல் போய் எரிந்திருந்தால் இரண்டு பேஸ் கருகி, ஒன்று மட்டும் பளபளவென்று மிஞ்சியிருக்கும். டெல்டா இணைப்பு என்றால் ஒன்றுதான் கருகும். எல்லாமே கருகினால் ஒன்று அதிகச் சுமை, அல்லது லோ வோல்டேஜ், அல்லது பம்பு பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து இது நூற்பாலை ஊர். பெரிய ஆலைகளில் சொந்த எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரர்களுக்கும், கிணற்றுப் பாசனக்காரர்களுக்கும் இந்தக் கொட்டகைகள்தான் ஆஸ்பத்திரி.

வேலை பொறுமையைக் கேட்கிறது. பழைய காயிலை உளியால் வெட்டி எடுக்குமுன் சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு என்று நோட்டில் குறிக்கிறார்கள். ஸ்லாட்டுக்குள் பேப்பர் வைத்து, எனாமல் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மேலே மூங்கில் சிம்பு செருகி, நூலால் இழுத்துக் கட்டுகிறார்கள். எனாமலில் நகம் அளவு கீறல் விழுந்தாலும் அத்தனை உழைப்பும் வீண்.

கட்டி முடித்ததும் சோதனை. சாதாரண மல்டிமீட்டர் மிகக் குறைந்த ஓம்களைத் துல்லியமாகக் காட்டாது. அதனால் 12 வோல்ட் பேட்டரியையும் ஆம்பியர் மீட்டரையும் எடுத்தார்கள். முதல் ஜோடி முனையில் 4 ஆம்பியர். 12ஐ 4ஆல் வகுத்தால் 3 ஓம். மற்ற இரண்டு ஜோடிகளிலும் அதே 3 வர வேண்டும். எங்காவது 4.8 ஆம்பியர் ஓடினால் தடை 2.5 ஓம்தான். சுற்று குறைந்திருக்கிறது அல்லது உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. ஜெர்மானியர் கேயார்க் ஓம் 1827இல் வெளியிட்ட விதி, இந்தக் கொட்டகையில் அன்றாடம் புழங்குகிறது.

ஆனால் பள்ளிப் பாடத்தை மட்டும் நம்பினால் இங்கே ஒரு குழப்பம் வரும். 415 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 138 ஆம்பியர். ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் 7 ஆம்பியர்தான்! மாறுமின்சாரத்தில், ஏறி இறங்கும் காந்தப்புலம் காயிலுக்குள்ளேயே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைத் தடுப்பதே காரணம். பம்பு பிடித்து ரோட்டார் நின்றுவிட்டால் அந்தத் தடுப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. மின்னோட்டம் ஆறு மடங்காகி 40 ஆம்பியரைத் தாண்டும். ரிலே ட்ரிப் ஆகாவிட்டால் சிறிது நேரத்தில் புகை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளைத் தாண்டிப் போனபோது, இஸ்திரிப் பெட்டி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்று. அங்கே கணக்கு நேர் எதிர். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் பெட்டிக்கு 4.35 ஆம்பியர் போதும்; தடை ஏறக்குறைய 53 ஓம். வோல்டேஜ் 180 ஆகக் குறைந்தால் மின்னோட்டமும் குறையும், திறன் 610 வாட்டுக்கு இறங்கும். துணி சுருக்கம் போகாது, அவ்வளவுதான், பெட்டி எரியாது.

மோட்டார் அப்படியல்ல. தண்ணீரைத் தூக்கும் வேலை குறையாததால், வோல்டேஜ் குறையக் குறைய அது ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். 415 வோல்ட்டில் 7.2 ஆம்பியர் எடுக்கும் 5 எச்.பி. மோட்டார், 340 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் வரை எடுக்கலாம். காயிலில் எழும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கக் கிடைப்பது. ஆம்பியர் 22 சதவீதம் கூடினால் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அன்று இறங்கிய மோட்டாரும் மாலை லோ வோல்டேஜில் மணிக்கணக்காக ஓடியதுதான்.

கம்பியிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. 22 கேஜ் கம்பியின் விட்டம் 0.71 மில்லிமீட்டர், 23 கேஜுக்கு 0.61. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நூறு மீட்டர் செம்புக் கம்பியின் தடை 4.3 ஓமிலிருந்து 5.9 ஓமாக ஏறுகிறது. சூடும் அதே விகிதத்தில் ஏறும். மெல்லிய கம்பியைப் போட்டு மலிவாகக் கட்டிய காயில் சீக்கிரம் கருகுவது இதனால்தான். இதைத் தெரிந்து சரியான கம்பியைப் போடுகிறவரின் கூலியில் பேரம் பேசுவது நியாயமல்ல.

மோட்டாரைக் கட்டக் கொடுக்கும்போது மூன்று எண்களை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்: கம்பியின் கேஜ், மூன்று ஜோடி முனைகளின் தடை, சுமையோடு ஓடும்போது எடுக்கும் ஆம்பியர். அந்தச் சீட்டை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை ஆம்பியர் கூடினால், புகை வருவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திவிடலாம்.