கோரைச் சிலுவை

டிசம்பர் 24 அன்று அயர்லாந்தின் கார்க் நகரத்தில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வீட்டுக்கார அம்மா தடிமனான மெழுகுவர்த்தி ஒன்றைத் தெருப்பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். வீட்டில் யார் இளையவரோ அவர்தான் ஏற்ற வேண்டும். பேரப்பிள்ளைகள் வர முடியாத வருஷங்களில் அது நான். வாடகைக்கு இருப்பவள்தானே என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தீப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார்.

மரியாளுக்கும் சூசைக்கும் இங்கே இடமுண்டு என்று சொல்கிற விளக்கு அது. அந்த வீட்டில் அது இன்னொருவருக்காகவும் எரிந்தது. வீட்டுக்கார அம்மாவுடைய பாட்டியின் அக்கா, கோவ் துறைமுகத்தில் கப்பலேறி பாஸ்டனுக்குப் போனவர், திரும்பவே இல்லை. புறப்படுவதற்கு முந்தைய ராத்திரி உறவும் ஊரும் கூடி விடியவிடியப் பாடி, ஆடி, அழுது அனுப்பினார்களாம். சாவு வீட்டில் கண்விழிப்பதை அங்கே 'வேக்' என்பார்கள். உயிரோடு கப்பலேறுகிறவர்களுக்கு நடந்ததற்கும் அதே பெயர்தான்: 'அமெரிக்கன் வேக்'. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். பஞ்சம் போன பிறகும் கப்பல்கள் நிற்கவில்லை. 1990இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், போனவர்களை நினைத்துத் தன் மாளிகை ஜன்னலில் ஒரு விளக்கை எரியவிட்டார். "நாங்கள் எப்போதும் செய்கிறதுதானே" என்பார் அம்மா. அப்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்கவே அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

கிறிஸ்துமஸுக்கு மசாலாவில் நாள்கணக்காக ஊறிய மாட்டிறைச்சி வேகும். கிராம்பு வாசனை மாடிப்படி ஏறி வரும்.

ஜனவரி 6 எனக்கு அதைவிடப் பிடித்த நாள். 'நொல்லிக் ந மன்', பெண்களின் கிறிஸ்துமஸ். அன்று ஆண்கள் சமைத்துப் பாத்திரம் கழுவ வேண்டும். பெண்கள் வெளியே போவார்கள். அம்மா நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, மகள்களோடு என்னையும் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போவார். கடை முழுக்கப் பெண்கள், சிரிப்பு. வருஷம் முழுக்க அடுப்படியில் நின்றவர்கள் அப்படிச் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது, என் அம்மாவுக்கு இப்படி ஒருநாள்கூட வாய்க்கவில்லையே என்று தொண்டை அடைத்தது.

பிப்ரவரி 1 புனித பிரிஜித் நாள். ஈரநிலத்துக் கோரையில் சிலுவை முடைந்து வாசலுக்கு மேல் மாட்டுவார்கள். வீட்டைத் தீயிலிருந்து காக்குமாம். கோரையை அறுக்கக் கூடாது, பிடுங்க வேண்டும். ஒவ்வொன்றாக மடித்து, சிலுவையைக் கால்வட்டம் திருப்பி, அடுத்ததை மடிக்க வேண்டும். நான் தப்பாக மடித்தால் அம்மா ஒன்றும் சொல்லாமல் என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பார். பிரிஜித் பெயரில் அரசு விடுமுறை 2023இல் வந்தது. அதைப் பார்க்க அம்மா இருக்கவில்லை.

நான் புறப்பட்டபோது அவர் கொடுத்த சிலுவை மதுரையில் என் அடுப்படி வாசலில் பழுப்பேறித் தொங்குகிறது. வருஷாவருஷம் புதிது மாட்டச் சொல்லியிருந்தார். போன பிப்ரவரியில் கண்மாய்க் கரையில் கோரை பிடுங்கிவந்து உட்கார்ந்தேன். நாலு சுற்று வரை வந்தது. பிறகு நடுச்சதுரம் நெகிழ்ந்து கையோடு வந்துவிட்டது. கட்டைவிரலால் அவர் எங்கே அழுத்திப் பிடிப்பார் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.