ஊட்டிய கப்பலும் பட்டினி கிடந்த கடற்படையும்

பத்திரிகை அலுவலகத்தில் கடமையாற்றிய காலத்தில் போர்க்கப்பல்கள் பற்றிய செய்திகள் பலவற்றைச் செப்பனிட்டிருக்கின்றேன். நாசகாரிகளின் பெயர்கள் வரும். விமானந்தாங்கிகளின் பெயர்கள் வரும். அவற்றுக்கு எண்ணெயும் உணவும் சுமந்து சென்ற கப்பலின் பெயரைத் தலைப்பில் கண்டதாக நினைவில்லை. அத்தகைய கப்பல் ஒன்றைப் பற்றி எழுதத் தோன்றியது.

கனடியக் கடற்படையின் 'புரொடெக்டர்' 1969 ஆம் ஆண்டு சேவையில் இணைந்தது. ஏறத்தாழ 172 மீற்றர் நீளமான விநியோகக் கப்பல் அது. எண்ணெய் குறைந்த போர்க்கப்பல் துறைமுகத்தைத் தேடிப் போகாமல், நடுக்கடலில் இதன் அருகே வரும். இரண்டும் சில பத்து மீற்றர் இடைவெளியில், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவே கட்டிய கம்பிவடத்தில் குழாய் தொங்கும். அதன் வழியே எண்ணெய் பாயும். சற்று விலகினால் குழாய் அறுந்துவிடும். சற்று நெருங்கினால் கப்பல்கள் மோதிக்கொள்ளும்.

1990 இல் வளைகுடாவுக்குச் சென்றது. 1992 இல் 'அன்ட்ரூ' சூறாவளியால் சிதைந்த புளோரிடாவிலும் பஹாமாஸிலும் நிவாரணப் பணியாற்றியது. 1999 இல் கிழக்குத் திமோரில் சர்வதேசப் படையுடன் நின்றது.

2014 பெப்ரவரி 27 ஆம் திகதி, ஹவாய்க்கு அப்பால், அதன் இயந்திர அறை தீப்பற்றியது. ஊழியர்கள் பல மணி நேரம் போராடித் தீயை அணைத்தனர். உயிரிழப்பு இல்லை. ஆனால், எத்தனையோ கப்பல்களை ஓடவைத்த கப்பல் தானாக ஓட முடியாமல் நின்றது. அமெரிக்கக் கப்பல் இழுத்து வந்தபோது வடமும் அறுந்தது; வேறொரு கப்பலே பேர்ள் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தது. 2015 இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டது. துருப்பிடித்த சகோதரக் கப்பலான 'பிரிசேர்வரும்' ஓய்வுபெற்றது.

மூன்று சமுத்திரங்களைக் கரையாகக் கொண்ட நாடு, சிலியிடமும் ஸ்பெயினிடமும் விநியோகக் கப்பல்களை வாடகைக்குப் பெற்றது. பின்னர் 'அஸ்ரெரிக்ஸ்' என்ற கொள்கலன் கப்பலை மாற்றியமைத்து, 2018 முதல் பயன்படுத்தியது.

இதனைத் தீ விபத்தின் விளைவு என்று மட்டும் கூறிவிட முடியாது. மாற்றுக் கப்பல்களுக்கான திட்டம் 2004 இலேயே அறிவிக்கப்பட்டது. விலைமனுக்கள் வரவு செலவுக்குள் அடங்கவில்லை என்று 2008 இல் கைவிடப்பட்டது. புதிய 'புரொடெக்டர்' வன்கூவரில் நீரில் இறக்கப்பட்டது 2024 டிசம்பரில்தான்.

பீரங்கி வாங்குவதற்குக் காட்டும் அவசரத்தை அரசுகள் எண்ணெய்க் கப்பல் வாங்குவதற்குக் காட்டுவதில்லை. அணிவகுப்பில் அது அழகாகத் தெரியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.