மின்சாரம் திருப்பித் தரும் கார்கள்

நெதர்லாந்து நாட்டில் உட்ரெக்ட் என்று ஓர் ஊர். பழைய கால்வாய்களும், 112 மீட்டர் உயரமுள்ள டோம் கோபுரமும்தான் அதற்குப் பெருமை. 2025 ஜூலையில் தங்கை வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். என்னை அதிசயப்பட வைத்தது கோபுரம் அல்ல. தெருவில் நின்ற கார்கள்தான்!

தங்கை இருப்பது லொம்போக் பேட்டையில். ஜாவா, பாலி, சுமத்ரா என்று தெருக்களுக்கெல்லாம் இந்தோனேசியத் தீவுகளின் பெயர். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். கார் ஷெட் கிடையாது. தெருவோரத்தில் சின்னக் கம்பம், அதிலிருந்து காருக்கு ஒரு ஒயர்.

"சார்ஜ் ஏத்தறாங்களா?" என்றேன்.

"ஏத்தறதும் உண்டு, இறக்கறதும் உண்டு அக்கா" என்று சிரித்தாள்.

விஷயம் இதுதான். அங்கே நிறையக் கூரைகளில் சூரியத் தகடுகள். நடுப்பகலில் மின்சாரம் பொங்கி வழிகிறது. சாயங்காலமோ, எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் சமையல். கம்பிகள் தாங்காததால், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் மின் இணைப்புக்குக் காத்துக் கிடக்கிறார்கள். அதனால் பகலில் மிஞ்சுவதைக் கார் பாட்டரியில் சேர்த்து, மாலையில் திருப்பி எடுக்கிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குச் சக்கரம் வைத்த மாதிரி!

2019-ல் மன்னர் வில்லம் அலெக்சாண்டரே வந்து இந்தப் பேட்டையில் இதைத் தொடங்கி வைத்தாராம். 2025 ஜூனில் 50 ரெனோ கார்கள் வந்தன. 500 ஆக்குவது திட்டம். அக்கம்பக்கத்தார் மாற்றி மாற்றி வாடகைக்கு எடுக்கும் பொதுக் கார்கள் இவை. பாட்டரி கொள்வது 52 யூனிட். அந்த ஊரில் ஒரு வீட்டின் ஒரு நாள் செலவு சுமார் 7 யூனிட்தான்.

எனக்கு ஒரே கவலை. "ராத்திரி குழந்தைக்கு ஜுரம் வந்து, கார் காலியா இருந்தா?"

"ஒரு அளவுக்குக் கீழே இறங்காதபடி வரம்பு வெச்சிருக்காங்க அக்கா. யார் எப்போ வண்டி கேட்டிருக்காங்கன்னும் கம்ப்யூட்டருக்குத் தெரியும்" என்றாள். பெற்றவள் வாயால் கேட்டதும் மனசு சமாதானமாயிற்று.

எல்லா மின்சாரக் காருக்கும் இந்த வசதி கிடையாது. காரும் கம்பமும் இரண்டுமே அதற்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும். ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் மின்சாரம் வீணாவதும் உண்டு.

தங்கை இன்னொன்றும் செய்கிறாள். வாஷிங் மெஷினை மாலையில் போடாமல், வெயில் இருக்கும்போதே போட்டுவிடுகிறாள். இதற்குக் காரும் வேண்டாம், காசும் வேண்டாம். கிரைண்டரையும் மோட்டாரையும் பகலிலேயே போட்டு முடிக்க நம்மாலும் முடியும்தானே!